பட்டம் இல்லாதவருக்குப் பதிவேடே சான்று

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, 'எந்தக் கல்லூரி?' என்பதே. வசதியின்மையாலோ குடும்பச் சுமையாலோ பதினெட்டு வயதிலேயே வேலைக்குச் செல்லும் பிள்ளையிடம் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. அந்த மௌனத்தில் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. 'இவன் கற்கும் காலம் முடிந்துவிட்டது' என்பதே அது. அத்தீர்ப்பு சரிதானா என்று நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கணிதம் தவிர்த்த பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. பள்ளிப் பருவத்தில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பாரின் கணிதத் தொகுப்பு நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பெரும்பாலும் விளக்கமின்றியே அடுக்கிச் சென்றது. ராமானுஜன் அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்தார். தாம் புதிதாகக் கண்டவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்தார். 1910-இல் வேலை தேடி, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரான துணை ஆட்சியர் ராமசாமி ஐயரிடம் சென்றபோது, காட்டுவதற்கு அவரிடம் இருந்தவை அந்நோட்டுப் புத்தகங்களே. அவற்றைக் கண்ட ஐயர், சென்னையிலிருந்த கணித அறிஞர்களிடம் அவரை அறிமுகம் செய்தார்.

1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் பணி கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். பட்டம் பெறாத அவருக்கு அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1918-இல் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது.

மேதையின் கதை நமக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். கோவை ஜி.டி.நாயுடுவை நோக்குவோம். 1893-இல் கலங்கல் சிற்றூரில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பையே நிறைவு செய்யவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைக் கவர்ந்தது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பணியாற்றிப் பணம் சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். பின்னர் அதை அக்கக்காகப் பிரித்து, மீண்டும் பூட்டினார். அவருக்கு அதுவே வகுப்பறை. சேமித்த ஊதியமே கல்விக் கட்டணம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொடங்கிய அவரது போக்குவரத்துத் தொழில், பெரும் நிறுவனமாக வளர்ந்தது. பின்னாளில் மின்மோட்டார், சவரக் கருவி எனப் பலவற்றின் உருவாக்கத்தில் அவர் ஈடுபட்டார்.

இருவரிடமும் பொதுவாக இருந்தவை எவை? ஒரு துறையைத் தேர்ந்து அதன் அடிவரை சென்றமை. தம் கையால் செய்து பார்த்தமை. கற்றதைப் பிறர் காணும் வடிவில் வைத்தமை. ஆயினும் தனித்துக் கற்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஐரோப்பாவில் முன்னரே அறியப்பட்டிருந்த முடிவுகள் பலவற்றை, அஃதறியாமலே ராமானுஜன் மீண்டும் கண்டறிந்தார். அறிந்தவர் ஒருவரின் துணை சில ஆண்டுகளின் உழைப்பை மிச்சப்படுத்தும். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளுக்கோ பட்டம் இன்றியமையாதது. அங்கே மாற்று வழி இல்லை.

இன்று துணைகள் பெருகியுள்ளன. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் 1989-இல் நிறுவப்பெற்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே தேர்வு எழுதலாம். 2017-இல் தொடங்கிய 'சுவயம்' தளத்தில் கல்லூரிப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தினால் போதும்.

கற்ற தொழிலைத் தொடங்க முதலீடு தேவைப்படும்போதும் பட்டமின்மை தடையாவதில்லை. பிணையமின்றிச் சிறுதொழில் கடன் அளிக்கும் பிரதமரின் முத்ரா திட்டம் பட்டத்தைக் கேட்பதில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திலும், உற்பத்தித் துறையில் 10 லட்சம் ரூபாய்க்கும் சேவைத் துறையில் 5 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி.

ஆனால் கடன் கோருபவர் தம் தொழிலை அறிந்தவர் என்பதை வங்கி எவ்வாறு உணரும்? வரவு செலவு எழுதிய ஏடு, வாங்கிய இயந்திரத்தின் ரசீது, வாடிக்கையாளர் தந்த ஆர்டர், கணக்கில் மாதந்தோறும் வந்து சேர்ந்த தொகை ஆகியவையே பேசும். கைத்திறன் மிக்க தொழிலாளர் பலர் இங்கேதான் பின்தங்குகின்றனர். பத்தாண்டு உழைத்தும், அதைக் காட்ட ஒரு தாளும் அவர்களிடம் இருப்பதில்லை.

எனவே பணிமனையிலோ கடையிலோ தொழில் பழகும் இளைஞர் எவரேனும் நம் வீட்டில் இருப்பின், அவருக்கு இரண்டு பொருள்களை வாங்கித் தருவோம். ஒன்று நோட்டுப் புத்தகம். அன்றன்று கற்றதையும் செய்த வேலையையும் அதில் அவர் எழுதட்டும். மற்றொன்று அவர் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு. ஈட்டியதில் ஒரு பகுதி அதில் சேரட்டும். 'எந்தக் கல்லூரி?' என்று கேட்க முடியாத இடத்தில், 'இந்த மாதம் புதிதாக என்ன கற்றாய்?' என்று கேட்போம். அக்கேள்விக்கு மாதந்தோறும் விடை எழுதி வருபவரின் கற்கும் காலம் முடிவதில்லை.