ஊமையர் என்றொரு பெயர்

ஜேர்மனியரை ருஷ்யர் 'நியேமெத்ஸ்' என்பர். செக்கர் 'நியெமெத்ஸ்' என்பர். சேர்பியர் 'நேமத்ஸ்' என்பர். இவை யாவும் ஒரே வேரின. அவ்வேரின் பொருள் ஊமை என்பதாம். ஸ்லாவியர் என்னும் பெயரோ, சொல் எனப் பொருள்படும் 'ஸ்லோவோ' என்பதன் வழிவந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அங்ஙனமாயின், தம்மைச் சொல்லுடையார் என்றோர், தமக்கு விளங்காத மொழி பேசியோரை ஊமையர் என்றனர்.

பழைய ருஷ்ய வழக்கில் அச்சொல் மேற்றிசை அயலார் பலரையும் சுட்டியது. 17ஆம் நூற்றாண்டில் மொஸ்கோவின் 'நியேமெத்ஸ்' குடியிருப்பில் ஒல்லாந்தரும் ஸ்கொத்லாந்தரும் வாழ்ந்தனர். பின்னரே அது ஜேர்மனியருக்கு உரித்தாயிற்று. அரபு மொழியில் ஒஸ்திரியா நாட்டின் பெயரான 'அந்நம்ஸா' என்பதும் இவ்வேரினின்று சென்றதே.

இன்று அச்சொல்லில் இகழ்ச்சி இல்லை. எனினும் அதன் வரலாறு ஒன்றை உணர்த்தும்: பிறர் பேச்சு நமக்கு விளங்காமை நம் செவியின் குறையேயன்றி, அவர் நாவின் குறை அன்று.