புகை அடங்கிய கரிதான் கொல்கிறது

ஊட்டியில் உறைபனி விழத் தொடங்கிவிட்டால் அதிகாலையில் எங்களிடம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரே அறையில் படுத்த நாலு பேருக்கும் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. "ராத்திரி சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கல டாக்டர்" என்பார்கள். குளிருக்கு என்ன செய்தீர்கள் என்று துருவிக் கேட்டால்தான் கரிச்சட்டி பேச்சில் வரும்.

"புகைதான் போயிடுச்சே!"

வாசலில் வைத்து ஊதி, புகை அடங்கி, செக்கச்செவேலென்று தணலானதும் அறைக்குள் கொண்டுவருகிறார்கள். கண் எரியாது, மூக்கு உறுத்தாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு தாராளமாகக் கிளம்புவது அந்தத் தணலிலிருந்துதான். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சாம்பல் போட்டு மூடினாலும் உள்ளே கனன்றுகொண்டேதான் இருக்கும்.

பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துக்கொள்ளுமாம். இழுக்காது, இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். கட்டிலில் உயரப் படுத்தாலும் பயனில்லை, காற்றோடு கலந்து அறை முழுக்கப் பரவிவிடும். "மூச்சு முட்டினா முழிச்சுக்குவோம்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான நம்பிக்கை. மூச்சு முட்டவே முட்டாது. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். 2024இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் பிணமாகத்தான் மீட்கப்பட்டார்கள்.

மோர், எலுமிச்சை, தைலம்

கிறுகிறுப்பைப் பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு, நெற்றியில் தைலம், தலைவலிக்கு ஒரு மாத்திரை. பிறகு அதே அறையில் மறுபடி படுக்கை! அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் மோரை ஊற்றி, அது நுரையீரலுக்குள் போனதையும் பார்த்திருக்கிறோம். உங்களுக்கு நீங்களே மருத்துவராக இருப்பதற்கு இது நேரமில்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை மாட்டி, "98 காட்டுது" என்று தைரியமாக இருப்பவர்கள் தனி ரகம். ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா, இந்த விஷமா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதற்கென்று ரத்தப் பரிசோதனை உண்டு.

சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் இந்த விஷம் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். தெளிந்து வீடு திரும்பிய சிலருக்குச் சில வாரம் கழித்து ஞாபக மறதியும் நடைத் தடுமாற்றமும் வருவதுண்டு. மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பிள்ளை பெற்றவளுக்குச் சூடு வேண்டும் என்று கட்டிலடியில் கரிச்சட்டி வைக்கும் பாட்டிமார்களே, தயவுசெய்து வேண்டாம். கூடுதலாக இரண்டு கம்பளி போடுங்கள். கர்ப்பிணி இருக்கும் அறையில் வைக்கவே வைக்காதீர்கள். தாய் தெளிந்த பிறகும் வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் விஷம் தங்கியிருக்கும். தணல் காய வேண்டுமா, வாசலில் காயுங்கள். சட்டியை வாசலோடு விட்டுவிட்டு உள்ளே வந்து படுங்கள்.

யாராவது எழுந்திருக்கவில்லை என்றால் கதவு, ஜன்னலை விரியத் திறந்து, உடனே அவரை வெளியே இழுத்து வாருங்கள். 108இல் பேசும்போது "கரி போட்டுப் படுத்திருந்தாங்க" என்பதை முதலில் சொல்லுங்கள். அந்த அறையில் படுத்திருந்த மற்றவர்களையும், நன்றாக இருப்பதாக அவர்கள் சொன்னாலும், அதே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.