பணத்தை எங்கே போடுவது?

உத்திரமேரூர் பஜாரில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயோடு வாட்ச் வாங்க நிற்பவருக்கு முதல் கவலை, நேரம் சரியாகக் காட்டுமா என்பது. அந்தக் கவலையே வேண்டாம். உயர்ந்த தரச்சான்று பெற்ற சுவிஸ் சாவி வாட்சுக்கே ஒரு நாளில் 4 வினாடி பிந்தவும் 6 வினாடி முந்தவும் அனுமதி உண்டு. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதம் முழுவதும் ஓடினாலும் சுமார் 20 வினாடிதான் முன்பின் ஆகும்.

உள்ளே இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு ஒன்று இருக்கிறது; சில மில்லிமீட்டர் நீளம்தான். செல்லின் மின்சாரத்தில் அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பதினைந்து இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் இது. ஆகவே 15 தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அது குட்டி மோட்டாரைத் தட்ட, முள் நகர்கிறது. நம் அப்பாக்கள் கட்டிய எச்.எம்.டி. ஜனதாவில் பேலன்ஸ் சக்கரம் நொடிக்கு ஐந்து தடவைதான் அசைந்தது.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலையில் ஒரு சிறிய கார் வாங்கலாம். 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்து, சாவி வாட்சுகள் கோலோச்சிய சந்தையில் குவார்ட்ஸை நம்பித் துணிந்து இறங்கியது. பிறகு அதே நிறுவனத்தின் சொனாட்டா சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

எனவே கையிலுள்ள பணத்தைக் கண்ணாடிக்கும் கேஸுக்கும் போடுங்கள். உத்திரமேரூரைச் சுற்றிலும் கல்குவாரிகள்; சாலையெங்கும் ஜல்லி லாரிகள். அந்தத் தூசியிலும் குவார்ட்ஸ் உண்டு. உள்ளே நேரம் காக்கும் அதே கனிமம்தான் வெளியே கண்ணாடியைக் கீறுகிறது! மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, மினரல் கண்ணாடி ஏறத்தாழ 6, அக்ரிலிக் 3. சஃபயர் 9 என்றாலும் இந்த விலையில் கிடைப்பது அரிது. அதனால் மினரல் கண்ணாடி போதும். சுற்று விளிம்பு கண்ணாடியைவிடச் சற்றே எழும்பி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தூசி படிந்தால் சட்டை நுனியால் தேய்க்காமல் ஊதிவிட்டுத் துடையுங்கள்.

அடுத்து வாட்சைத் திருப்புங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் பொறித்திருந்தால் பின்மூடிக்குத்தான் அந்த உத்தரவாதம். மேலே மின்னும் கேஸ் பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளையாகவோ மலிவான கலப்பு உலோகமாகவோ இருக்கும். வியர்வை உப்பு முலாமைத் தின்றால் பித்தளை பச்சை பூக்கும். முழுக்க ஸ்டீல் என்றால் தங்க நிறம் இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

அழகும் இங்கே எளிமையில்தான் இருக்கிறது. ஓடாத குட்டி டயல்களை வெறும் அலங்காரத்துக்குப் பதித்த வாட்சுகளை விட்டுவிடுங்கள். மெல்லிய கேஸ், தெளிவான எண்கள், மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டாத அளவு இருந்தால் வேட்டிக்கும் பேன்ட்டுக்கும் பொருந்தும். தோல் பெல்ட் நம் வியர்வையில் சீக்கிரம் நாறிவிடும்; நைலான் தாங்கும்.

'30 மீட்டர்' என்று எழுதியிருப்பதை நம்பிக் கிணற்றில் குதிக்காதீர்கள். அது அசையாத நீரின் அழுத்தத்தை வைத்துச் சொல்வது. மழைத் தூறலுக்குச் சரி, பம்புசெட் குளியலுக்கு ஆகாது. வெயிலும் கணக்கில் வரும்: படிகம் 25 டிகிரியில் செம்மையாக ஓடும். 40 டிகிரியில் கிடந்தால் நாளுக்கு அரை வினாடிக்கு மேல் பிந்தும். கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூடு அதை 30 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும்.

செல் மாற்றும்போது சில்வர் ஆக்ஸைடு செல் கேளுங்கள். கடைசிவரை 1.55 வோல்ட்டை ஏறக்குறைய அப்படியே தரும். மலிவான அல்கலைன் செல் கசிந்தால் மிஷினே போய்விடும். பல வாட்சுகளில் வினாடி முள் இரண்டிரண்டாகத் தாவத் தொடங்குவது செல் தீரப்போவதன் அறிகுறி. அப்போதே கடைக்குப் போய், பின்மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.