வீட்டு பேக்கரிக்கு ஆடி மாதத்தில் ஒரு கணக்கு

மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பங்களில், மாடியிலோ பின்கட்டிலோ ஓர் ஓவனை வைத்து கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கத் தொடங்குவது இப்போது பரவலாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டிலிருந்தபடி பழகியவர்கள் பலர் இன்று அதைத் தொழிலாகவே செய்கிறார்கள். மைதா, சர்க்கரை, முந்திரி நம் கடையில் இருக்கிறது, விற்பதற்கு நம் கல்லா மேசை இருக்கிறது, இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நம் வணிகர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் இந்த இரண்டு வசதிகளே பலரைக் கணக்குப் போடாமல் இறங்க வைக்கின்றன.

கடை வியாபாரம் நாள்தோறும் ஓரளவு சீராக நடக்கும். வீட்டு பேக்கரி அப்படியல்ல. பிறந்தநாள் கேக்குகள் மாதம் முழுவதும் சிறிது சிறிதாக வரும். தீபாவளிக்குப் பிஸ்கட்டும், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பிளம் கேக்கும் ஒரேயடியாக வந்து குவியும். அந்த மூன்று வார வேலையில்தான் ஆண்டின் லாபமோ நஷ்டமோ தீர்மானமாகிறது. ஆகவே டிசம்பருக்கான கணக்கை டிசம்பரில் போட முடியாது. கல்யாணமும் விசேஷங்களும் குறைந்து, கடையிலும் சற்று மூச்சு விட நேரம் கிடைக்கும் ஆடி மாதம்தான் அதற்கு ஏற்ற காலம். இரண்டு மூன்று மாலை வேளைகளில் ஒரு நோட்டும் பேனாவுமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்தால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் முதலீட்டிலிருந்து தொடங்குவார்கள். வீட்டு பேக்கரியில் முதலில் தட்டுப்படுவது பணமல்ல, ஓவன் ஓடும் நேரம். அதை முதலில் எண்ணிப் பார்ப்போம்.

வீட்டில் வைக்கும் 60 லிட்டர் மின் ஓவனில் ஒரு கிலோ பிளம் கேக் டின் இரண்டை ஒரே சமயத்தில் வைக்கலாம் என்று கொள்வோம். 150 முதல் 160 டிகிரி சூட்டில் அது வேக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். எடுத்து வைத்து, அடுத்த டின்களை ஏற்றி, மறுபடி சூடு நிலைக்க ஒரு கால் மணி. ஒரு நாளில் நான்கு ஈடு போட்டால் ஏழு மணி நேரம் கழிந்துவிடும். கிடைப்பது 8 கிலோ. வீட்டுச் சமையல், பிள்ளைகளின் பள்ளி, கடைக்கு உதவி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்போது 100 கிலோ ஆர்டர் பிடித்துவிட்டீர்கள். எட்டால் வகுத்தால் 13 நாள் வேலை. டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் முடித்தால்தான் பெட்டியில் போட்டுக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுசேர்க்க முடியும். நடுவில் இரண்டு நாள் ஓய்வு. அதற்கு மேல் மழைக்கென்று மூன்று நாள்.

இந்த மூன்று நாளை வீண் என்று யாரும் அடிக்க வேண்டாம். நமது கிறிஸ்துமஸ் சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலத்தில் வருகின்றன. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2016-இல் நவம்பர் 8-ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன தவிப்பு அடங்குவதற்குள், டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கிப் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை இன்னும் கொடுமையானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவாயிற்று. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்த நேரம் அது. கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த சரக்கு அப்படிப்பட்ட ஆண்டில் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக மொத்தம் 18 நாள். டிசம்பர் 3-ஆம் தேதி முதல் ஈடு அடுப்பேற வேண்டும். சரி, அன்றைக்குச் செய்த கேக் புத்தாண்டு வரை கெடாமல் இருக்குமா? இதுதான் முக்கியமான கேள்வி.

ரம்மில் ஊறிய பழங்கள் சேர்ந்த பிளம் கேக் வாரக்கணக்கில் தாங்கும். நம் கடைகளில் பெரும்பாலும் மது சேராத கேக்கைத்தான் கேட்கிறார்கள். ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்துச் செய்த கேக்குக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது. சர்க்கரை, நெய் அல்லது வெண்ணெயின் அளவு, பழத்தில் மிஞ்சியிருக்கும் ஈரம், வெந்த பதம், முழுக்க ஆறிய பிறகு கட்டினோமா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வீட்டின் கேக்குக்கும் ஆயுள் வேறாகும். பக்கத்து வீட்டாரின் லேபிளைப் பார்த்து நாமும் 30 நாள் என்று அச்சடிப்பது ஆபத்து.

செய்ய வேண்டியது எளிய வேலை. ஆடியிலேயே, விற்கப்போகும் அதே முறையில் ஏழெட்டு சிறிய கேக்குகள் செய்து, விற்கப்போகும் அதே உறையில் கட்டி, கடை அலமாரியிலேயே வையுங்கள். நான்கு நாளுக்கு ஒன்றைப் பிரித்து மணம், ஈரம், ஓரத்தில் பூஞ்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். ஐப்பசி மழைக்காற்றில் மறுபடி ஒருமுறை பாருங்கள். வெயில் நாளில் 30 நாள் நின்றது ஈரக்காற்றில் 20 நாள்தான் நிற்கலாம். எத்தனை நாள் நன்றாக இருந்ததோ அதிலிருந்து கொஞ்சம் குறைத்தே லேபிளில் போட வேண்டும். ஓவனைப் பணம் கொடுத்து இன்றே வாங்கிவிடலாம். முப்பது நாள் சோதனைக்கு முப்பது நாள் காத்திருக்கத்தான் வேண்டும். முன்கூட்டித் திட்டமிடச் சொல்வதற்குப் பெரிய காரணமே இதுதான்.

சோதனையில் 15 நாள்தான் என்று தெரிந்தால் என்ன செய்வது? டிசம்பர் 10-க்கு முன் செய்த கேக் கிறிஸ்துமஸ் அன்று மேசைக்கு ஆகாது. 10 முதல் 20 வரை 11 நாள். ஓய்வு ஒரு நாள், மழைக்கு மூன்று நாள் போக 7 நாள். அதாவது 56 கிலோ. 100 கிலோ ஆர்டர் வந்தாலும் 56-க்கு மேல் வாங்கக் கூடாது, அல்லது இன்னோர் ஓவனும் இன்னோர் ஆளும் வேண்டும். இது ஆடியில் தெரிந்தால் வியாபார முடிவு. டிசம்பர் 18-இல் தெரிந்தால் ஊர் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

தூத்துக்குடிப் பக்கத்தில் மக்ரூன் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள் என்று மூன்றே சரக்குதான். ஆனால் இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர வேண்டிய பண்டம் அது. ஓவன் நேரத்தை அதுவே விழுங்கிவிடும். மழைக்காற்று பட்டால் பிசுபிசுத்தும் போகும். பிளம் கேக்கையும் மக்ரூனையும் ஒரே ஓவனில், ஒரே வாரத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடக்க விலை

கடைக்காரர்களுக்கு அடக்க விலை போடக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் சொந்த வீட்டு பேக்கரி என்றதும் அந்தப் பழக்கம் ஏனோ விட்டுப்போகிறது. மைதா கடை மூட்டையிலிருந்து போகிறது, எழுதுவதில்லை. முந்திரி டப்பாவிலிருந்து போகிறது, எழுதுவதில்லை. மாதக் கடைசியில் பேக்கரியில் நல்ல லாபம், கடையில் ஏனோ இருப்பு குறைகிறது. பேக்கரியை ஒரு வாடிக்கையாளராகப் பாவித்துத் தனிப்பற்று வைத்து, எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கொள்முதல் விலையிலாவது பற்று எழுதுங்கள். இதைச் செய்யாத வீட்டில் எந்தத் திட்டமும் நிற்காது என்பது என் கருத்து.

புரிவதற்காக வட்டமான தொகைகளில் ஒரு கிலோ பிளம் கேக்கைப் பார்ப்போம். சரக்கு ரூ.280, பெட்டியும் லேபிளும் ரூ.30, மின்சாரம் ரூ.12, கைவேலைக் கூலி ரூ.80, கருகல் உடைசலுக்குச் சரக்கில் 5 சதவீதம் ரூ.14, கொண்டுபோகும் செலவு ரூ.10. அடக்கம் ரூ.426. நேரடியாக ரூ.600-க்கு விற்றால் கையில் நிற்பது ரூ.174. அதையே வேறு கடைக்கு 20 சதவீதம் கழிவில் கொடுத்தால் ரூ.480 கிடைக்கும், மிச்சம் ரூ.54. ஓவன் ரூ.18,000 என்றால், நேரடி விற்பனையில் 104 கிலோவில் போட்ட முதல் திரும்பும். கடைகள் வழியாகவே விற்றால் 334 கிலோ வேண்டும். ஓர் ஆண்டுக்கு 100 கிலோ விற்பவருக்கு அது மூன்று கிறிஸ்துமஸுக்கு மேல். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். கைவேலைக் கூலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனைவியோ மகளோ செய்தாலும் அது கூலிதான். நாளைக்கு உதவிக்கு ஆள் வைத்தால் அந்தத் தொகை வெளியே போகும்.

இன்றைய விலையில் போட்ட அடக்கம் டிசம்பருக்கு உதவாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாமக்கல் முட்டை விலை புரட்டாசியில் இறங்கி, டிசம்பரில் ஏறுவது வழக்கம். முட்டையை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே சென்ற டிசம்பர் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள். முந்திரி, திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி ஆகியவற்றைத் தீபாவளி ஏற்றத்துக்கு முன் வாங்கலாம்தான். ஆனால் கடைக்குத் தீபாவளிச் சரக்கு போட வேண்டிய நேரமும் அதுவே, கல்லா வறண்டிருக்கும். 100 கிலோவுக்குச் சரக்குச் செலவு ரூ.28,000, அதில் பாதி உலர்பழமும் பருப்பும் என்றால் ரூ.14,000. ஆடி தொடக்கத்திலிருந்து வாரம் ரூ.1,000 தனியே வைத்தால் 14 வாரத்தில், ஐப்பசியில், அந்தத் தொகை கையில் இருக்கும். கடை முதலைத் தொட வேண்டியிராது. மைதாவை மட்டும் மழைக்காலத்துக்கென்று வாங்கி அடுக்காதீர்கள். வண்டு வைப்பது நமக்குத் தெரியாததா?

பதிவும் லேபிளும்

கடைக்கு வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவு விற்பனைக்கானது. வீட்டில் தயாரிக்கத் தயாரிப்பாளர் என்ற வகையில் தனியாகப் பதிய வேண்டும். 2011-இல் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது சிறு தயாரிப்பாளருக்கு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு, ஆண்டுக்கு ரூ.100 கட்டணம் என்று வைத்தார்கள். வரம்புகள் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை உண்ணலாம், விலை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவையும் வேண்டும். முட்டை சேர்ந்த கேக்குக்குப் பச்சைப் புள்ளி போடக் கூடாது. சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்தான் சட்டப்படி சரி. எண் வருமுன் ஆயிரக்கணக்கில் பெட்டி அச்சடித்துவிட்டுப் பிறகு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

தொழில் யார் பெயரில் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கேக், பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாயிற்று. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடைக்காரரின் அதே பெயரில் பேக்கரியும் நடந்தால், அந்த விற்பனையும் கடைக் கணக்கோடு சேர்ந்து வரிக்கு வரும். மனைவி பெயரில் தனித் தொழிலாக நடந்தால் அவருடைய விற்றுமுதல் தனி. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஓவன் பில்லை எந்தப் பெயரில் வாங்குவது என்று தீர்மானியுங்கள்.

மின்சாரத்திலும் ஒரு கவனம். 2,000 வாட் ஓவன் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அது ஓடக் கூடாது. எர்த்துடன் கூடிய 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் செய்வது பற்றி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கேஸ் ஓவன் என்றால் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டரே வேண்டும். அதன் விலையைத்தான் அடக்கத்தில் சேர்க்க வேண்டும். முறையாகக் கற்க விரும்புவோருக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பேக்கரிப் பயிற்சி தருகிறார்கள்.

வேறு கடைகளுக்குக் கொடுக்கும்போது ரிட்டர்ன் பேச்சை முதலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பெரிய பிஸ்கட் கம்பெனிகள் தேதி முடிந்த சரக்கைத் திரும்ப எடுக்கின்றன என்பதால் வீட்டுத் தயாரிப்பாளரிடமும் அதையே எதிர்பார்க்கிறோம். கிலோவுக்கு ரூ.54 நிற்கும் இடத்தில் ஒரு கிலோ திரும்பி வந்தால் எட்டு கிலோவின் மிச்சம் போய்விடும். வாங்கும் கடைக்காரர்களும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. கொஞ்சமாக, வாரம் இருமுறை, ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்வதே இரு தரப்புக்கும் ஏற்றது.

வீடுகளுக்கான ஆர்டரில் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். உங்கள் ஓவன் எத்தனை கிலோ தாங்கும் என்று நோட்டில் வந்த எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த எண் நிறைந்த அன்றே, நவம்பர் மாதமானாலும், ஆர்டர் புத்தகத்தை மூடிவிடுங்கள். அதற்கு மேல் வருபவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டால், அடுத்த ஆடியில் இரண்டாவது ஓவன் வேண்டுமா என்பதற்கு அந்தப் பட்டியலே பதில் தரும்.