ஈ20 பெட்ரோலும் பழைய மோட்டார் சைக்கிளும்

இந்தியாவில் இன்று பெட்ரோல் பங்க்குகளில் விற்கப்படும் சாதாரணப் பெட்ரோலின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸ், கரும்புச்சாறு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றை நொதிக்கவைத்து வடித்து, அதிலுள்ள நீரை அநேகமாக முழுவதும் நீக்கிப் பெறப்படும் இந்தச் சாராயம், எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளிலேயே பெட்ரோலுடன் சேர்க்கப்பட்டு டேங்கர் லாரிகளில் பங்க்குகளுக்கு வந்து சேர்கிறது. நூற்றுக்கு 10 பங்கு எத்தனால் உள்ள கலவை ஈ10 என்றும், 20 பங்கு உள்ளது ஈ20 என்றும் குறிக்கப்படுகின்றன. 2014ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான சராசரிக் கலப்பு 1.53 சதவீதமாக இருந்தது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தை எட்டியது. 2030இல் அடைய வேண்டும் என்று முதலில் வகுக்கப்பட்டிருந்த 20 சதவீத இலக்கு 2025இலேயே எட்டப்பட்டுவிட்டது. இதையொட்டி எழுந்த விவாதம் பெரும்பாலும் கார்களைச் சுற்றியே நடந்தது. ஆனால் நாட்டின் வாகனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர வாகனங்களே என்பதாலும், பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியைப் பிழைப்புக்காக இன்னும் ஓட்டுபவர்கள் அவற்றின் உரிமையாளர்களில் மிகுதி என்பதாலும், இந்த மாற்றம் மோட்டார் சைக்கிளை எப்படித் தொடுகிறது என்பதைத் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் கிடைக்கிறது. அதே அளவு எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான் கிடைக்கிறது. எனவே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டர் ஈ20இல் ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் வரை குறைவு. ஆயினும் எஞ்சினின் திறனும் ஓட்டும் முறையும் சேர்ந்தே மைலேஜைத் தீர்மானிப்பதால் இழப்பு இதே விகிதத்தில் அமைவதில்லை. 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புக்கான செயல்திட்ட அறிக்கை, பழைய வடிவமைப்பில் அமைந்து ஈ10க்கு ஏற்ப டியூன் செய்யப்பட்ட இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் வரை இழப்பு ஏற்படும் என்று மதிப்பிட்டது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தந்த வண்டி 58 கிலோமீட்டர் அளவில் தரும் என்பது இதன் பொருள். மைலேஜ் பாதியாகிவிட்டது என்ற புகாருக்கு எத்தனாலின் ஆற்றல் கணக்கில் இடமில்லை. அந்த அளவு வீழ்ச்சி ஒரு வண்டியில் உண்மையிலேயே நேர்ந்திருந்தால் அதற்கான பழுதை வேறிடத்தில் தேட வேண்டும்.

இதைவிட நுட்பமானது காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம். பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜனே இருப்பதால் அதற்கு 9 கிலோ காற்று போதும். ஈ20க்கு இந்த அளவு சுமார் 13.5 கிலோவாக அமைகிறது. அதாவது எஞ்சின் இழுக்கும் அதே காற்றுக்கு ஈ20 சற்றுக் கூடுதலாகப் பாய வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி நடைமுறைக்கு வந்த பிறகு வெளிவந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இதற்கான ஏற்பாடு இருக்கிறது. புகைக்குழாயில் பொருத்தப்பட்ட ஆக்ஸிஜன் சென்சார் எரிப்பின் நிலையை அறிந்து சொல்ல, எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சற்றே நீட்டித்து விகிதத்தைச் சரிசெய்துகொள்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு இந்த அறிவு கிடையாது. அதில் பெட்ரோல் செல்லும் ஜெட், அதாவது நுண்துளையிட்ட பித்தளைத் துண்டு, ஆலையில் துளையிடப்பட்ட அளவிலேயே இருப்பதால், கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைகிறது. மெக்கானிக்குகள் இந்நிலையை 'லீன்' என்பார்கள். காலையில் சோக் இழுத்தும் எளிதில் ஸ்டார்ட் ஆகாமை, ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் பிக்கப் ஒரு கணம் தயங்குதல், மிஸ்ஸிங், எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடேறுதல் ஆகியவை லீன் கலவையின் அறிகுறிகள். முன்பே எரிபொருள் சற்று மிகுதியாகச் செல்லும்படி வைக்கப்பட்ட வண்டிகளில் இவை தெரியாமலே போகலாம். மைலேஜுக்காகக் கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்கி வைத்த வண்டிகளிலேயே இவை முதலில் தலைகாட்டும்.

எத்தனால் நல்ல கரைப்பானும்கூட. டேங்கின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினையும் துருத்தூளையும் அது இளக்கிக் கொண்டுவந்து ஃபில்டரிலும் ஜெட்டிலும் சேர்ப்பதால், புதிய கலவைக்கு மாறிய தொடக்க மாதங்களில் அடைப்பு கூடுவது இயல்பு. பழைய வண்டிகளின் பெட்ரோல் டியூப்பும் கார்புரேட்டரின் ஓ-ரிங்குகளும் பெரும்பாலும் சாதாரண நைட்ரைல் ரப்பரால் ஆனவை. எத்தனாலில் நெடுங்காலம் ஊறினால் இவ்வகை ரப்பர் உப்பி, மிருதுவாகி, பின்னர் உலர்கையில் வெடிக்கிறது. ஃபுளோரின் சேர்ந்த செயற்கை ரப்பர் இதைத் தாங்கும். 2023 ஏப்ரல் முதல் தயாராகும் வாகனங்களின் பாகங்கள் ஈ20ஐத் தாங்கும் பொருள்களால் ஆனவை என்பதால், இந்தக் கவலை அதற்கு முந்தையவற்றுக்கே உரியது. 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், அதற்குச் செலவு குறைவே என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. செலவு குறைவுதான், ஆனால் வெடித்த டியூப்பிலிருந்து சூடான எஞ்சின் மீது பெட்ரோல் சொட்டுவது செலவுக் கணக்கில் மட்டும் அடங்கும் விஷயமல்ல.

நீரைப் பற்றிய அச்சமே மக்களிடம் மிகுதி; அதில் பாதி சரி, பாதி பிழை. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. கலவை ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். ஈ10 என்றால் சுமார் அரை சதவீதம், அதாவது 10 லிட்டருக்கு 50 மில்லிலிட்டர். ஈ20 இன்னும் சற்று அதிகமாகவே தாங்கும். அந்த எல்லை மீறும்போது எத்தனால் பெட்ரோலை விட்டு நீரோடு சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்குகிறது. காற்றின் ஈரத்தை மட்டும் உறிஞ்சி ஒரு மோட்டார் சைக்கிள் டேங்க் இந்த எல்லையை எட்டுவது அரிது. உண்மையான ஆபத்து நேரடியாக உள்ளே புகும் நீரில் இருக்கிறது. பல மோட்டார் சைக்கிள்களில் டேங்க் மூடி ஒரு பள்ளத்தில் அமைந்திருக்கும். அங்கே தேங்கும் மழைநீர் வடிவதற்கு ஒரு சிறு துளையும், அதிலிருந்து வண்டியின் அடிவரை செல்லும் மெல்லிய டியூப்பும் உண்டு. புழுதி அடைத்துத் துளை மூடிக்கொள்ள, மூடியின் ரப்பர் வளையமும் காய்ந்து சுருங்கியிருந்தால், ஒரே இரவு மழையில் அல்லது வாட்டர் சர்வீஸின் பீச்சலில் உள்ளே புகும் நீர் அந்த 50 மில்லிலிட்டரை எளிதில் தாண்டிவிடும். பிரிந்திறங்கிய அடுக்கு டேங்கின் அடியில் நிற்பதால், ரிசர்வில் ஓட்டும்போது எஞ்சினுக்கு முதலில் போவது அதுவே. வண்டி வாரக்கணக்கில் நின்றால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிய அந்த நீர்ச்சாராயம் துத்தநாகக் கலப்பு உலோகத்தை அரித்து வெண்பொடியாகப் படியவைக்கிறது. ஸ்லோ ஜெட்டின் ஊசிமுனை போன்ற துளையை அடைக்க அந்தப் பொடியில் ஒரு துகள் போதும். நெடுநாள் வண்டியை எடுக்காதவர்கள் பெட்ரோல் காக் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து எஞ்சியதை வடித்துவிடுவது நல்லது. வடிதுளையையும் மூடி ரப்பரையும் மழைக்காலத்துக்கு முன் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி நேராது.

எத்தனாலுக்கு நன்மைகளும் உண்டு. முன்கூட்டியே வெடித்து எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும் தன்மையைக் குறிக்கும் ஆக்டேன் எண், பிஎஸ்6 பெட்ரோலுக்குக் குறைந்தது 91 என்றிருக்க, ஈ20இல் 95 அளவுக்கு உயர்கிறது. ஆனால் அழுத்த விகிதத்தை உயர்த்தி வடிவமைத்த புதிய எஞ்சின்தான் இதைப் பயன்படுத்திக்கொள்ளும், பழைய 100 சிசி வண்டிக்கு இதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இருசக்கர வாகனங்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது நிதி ஆயோக் அறிக்கையின் மதிப்பீடு.

முழுவதும் எத்தனாலிலேயே ஓடும் மோட்டார் சைக்கிளைச் செய்வதும் கடினமல்ல. பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் எந்த விகிதத்திலும் ஓடும் சிஜி 150 டைட்டன் மிக்ஸ் வண்டியை ஹோண்டா நிறுவனம் 2009இல் பிரேசிலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது; டிவிஎஸ் நிறுவனம் 2019இல் எத்தனாலுக்கென்றே ஓர் அப்பாச்சியை வெளியிட்டது. சிக்கல் புதிய வண்டியில் இல்லை. ஏற்கெனவே சாலையில் ஓடும் கோடிக்கணக்கான வண்டிகளில்தான் இருக்கிறது. பிரிட்டன் 2021 செப்டம்பரில் ஈ10க்கு மாறியபோது, பழைய மோட்டார் சைக்கிள்களையும் சிறிய மொபெட்டுகளையும் கருதி, ஈ5ஐ உயர்ரகப் பெட்ரோலாக விற்பனையில் தொடரச் செய்தது. இந்தியாவில் நிதி ஆயோக்கின் அறிக்கையே பழைய வாகனங்களுக்குப் பாதுகாப்பாக ஈ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று கூறியிருந்தும், சாதாரண பங்க்கில் அந்தத் தெரிவு இல்லாமல் போயிற்று. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வழிசெய்யக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஈ20ஐ மலிவாகத் தர வேண்டும் என்ற அதே அறிக்கையின் பரிந்துரையும் நிறைவேறவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே 2025 ஜூலை இறுதியில் சராசரியாக லிட்டருக்கு 71.32 ரூபாயாக உயர்ந்துவிட்டதை அரசு காரணமாகக் காட்டுகிறது. எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதும் கரும்பு, மக்காச்சோள விவசாயிக்கு வருவாய் தேடித்தருவதும் நல்ல நோக்கங்களே. ஆனால் அவற்றுக்கான விலையில் ஒரு பகுதியை, பழைய வண்டியை மாற்ற வசதியில்லாதவர்கள் குறைந்த மைலேஜாகவும் மெக்கானிக் கூலியாகவும் செலுத்திவருகிறார்கள். 20 சதவீதத்துக்கு மேல் கலப்பை உயர்த்துவது பற்றிப் பேசுவதற்கு முன், ஒவ்வோர் ஊரிலும் ஒரு பங்க்கிலாவது ஈ10க்குத் தனிக் குழாய் ஒதுக்குவதே அரசு செய்ய வேண்டிய முதல் வேலை.