சூலகம் முறுக்கிக்கொண்டால்

சூலகம் கருப்பையின் இரு பக்கமும் உள்ள, பாதாம்பருப்பு வடிவ உறுப்பு. நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஒரு தசைநார் அதைக் கருப்பையோடு சேர்க்கிறது, இன்னொன்று இடுப்புச் சுவரில் பிடித்துவைக்கிறது. இரத்தக் குழாய்களும் இந்த நார்களின் வழியேதான் வந்து சேர்கின்றன. சூலகத்தில் கட்டி வளர்ந்து கனம் கூடும்போது, அது தன் காம்பிலேயே சுற்றிக்கொள்வதுண்டு. இதுவே சூலக முறுக்கு. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீர்க்கட்டியும் டெர்மாய்டு கட்டியும் இதற்கு முக்கியக் காரணங்கள். கர்ப்பக் காலத்திலும், குழந்தைப்பேற்றுக்காக முட்டை வளர ஊசி போட்டுக்கொள்ளும்போதும் ஆபத்து கூடும். சிறுமிகளுக்குக் கட்டி எதுவும் இல்லாமலே முறுக்கிக்கொள்ளலாம். இடப்புறத்தில் பெருங்குடல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலப்புறச் சூலகமே அதிகம் முறுக்குகிறது. அப்பெண்டிக்ஸ் என்று பலமுறை தவறாக எண்ணப்படுவதும் இதனால்தான்.

முறுக்கு விழுந்ததும் முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைகள். தமனி இரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியேற வழி இருக்காது. சூலகம் வீங்கிக் கருநீலமாகும். பிறகு தமனியும் அடைபட்டுத் திசு சாகத் தொடங்கும். எலிகளில் நடந்த ஆய்வில் 24 மணி நேரம் வரை மீண்ட சூலகம், 36 மணி நேரத்தில் செத்துப்போனது. பெண்களுக்கு இப்படி ஒரு திட்டமான கெடு கிடையாது. சூலகத்துக்கு இரு தமனிகள் வழியே இரத்தம் வருகிறது, முறுக்கும் சில நேரம் தானாகத் தளர்கிறது. ஆகவே நாள் கடந்தும் பிழைத்த சூலகங்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் யாரையும் காக்கவைக்க முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் சேதத்தைக் கூட்டுகிறது.

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் வயிற்றுவலிக்கு முதல் வைத்தியர், டிரஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்; டாக்டர் குறித்த நாளில்தான் வந்துபோவார். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் தாமான் எனும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். தைப்பிங், தெலுக் இந்தான் மருத்துவமனைகளிலும் மகப்பேறு நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வயதுப் பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால் வாயு என்றோ மாதவிலக்கு வலி என்றோ சொல்லி, ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்கும் வழக்கம் போகவில்லை. திடீரென ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கும் வலி, கூடவே குமட்டல், வாந்தி என்றால் அது படுத்துத் தீரும் வலியல்ல. வலி விட்டுவிட்டு வந்தாலும் அப்படித்தான். 999-ஐ அழைக்கலாம், காரில் அவசரப் பிரிவுக்கே போகலாம். மயக்கமருந்து தேவைப்படக்கூடும் என்பதால் வழியில் சாப்பிடக் கொடுக்கக் கூடாது. பெண் 18 வயதுக்குக் குறைந்தவளானால், கையொப்பமிடத் தாயோ தகப்பனோ உடன் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மருத்துவமனையில் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை நடக்கும். மணமாகாத பெண்ணுக்கு இதுவா என்று குடும்பத்தார் மனம் நோவதுண்டு. கருக்குழாயில் கரு தங்கினாலும் இதேபோல வலிக்கும் என்பதால் கருத்தரிக்கும் வயதிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகச் செய்யும் சோதனை இது. ஸ்கேனையும் வயிற்றின் மேல் வைத்தே எடுக்கலாம். வீங்கிய சூலகமும் சுழி போல் சுற்றிய குழாய்களும் அதில் தெரியலாம். டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரிகிறது என்பதால் மட்டும் முறுக்கு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பரிசோதித்த மருத்துவருக்குச் சந்தேகம் வலுத்தால் அறுவை அறைதான் அடுத்த இடம். அங்கே கண்ணால் பார்த்த பிறகே நோய் உறுதியாகிறது.

பெரும்பாலும் சிறு துளைகள் வழியே லேப்பராஸ்கோப்பி மூலம் முறுக்கைப் பிரிப்பார்கள். முன்பு கருத்த சூலகத்தை அப்படியே வெட்டி எடுத்தார்கள். பிரித்தால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயமே காரணம். அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. கருப்பு நிறமும் மரணத்தின் அடையாளமாகாது: பிரித்துவிட்ட சூலகங்களில் மிகப் பல, சில வாரங்களில் மீண்டும் முட்டை வளர்க்கின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் 2019-இல், வளரிளம் பெண்களுக்குச் சூலகத்தைக் காப்பதையே பரிந்துரைத்தது. வீக்கம் அதிகமிருந்தால் கட்டியை அன்றே தோண்டாமல், வீக்கம் வடிந்த பின் ஸ்கேன் பார்த்து எடுப்பதும் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கணக்கு வேறு. கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்புக் கூடுவதால் சூலகத்தை எடுத்துவிடுவதே வழக்கம்.

முறுக்கு திரும்ப வந்தாலோ, ஒற்றைச் சூலகம் மட்டுமே மிஞ்சியிருந்தாலோ, அது மறுபடி சுழலாதபடி இடுப்புச் சுவரோடு தைத்து நிறுத்துவதும் உண்டு.