வாடகைக்கு ரூம் கட்டப் போறீங்களா? கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு



போன மாதம் திருப்புட்குழியில் குழுக் கூட்டம் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் கேட்டார். “மேடம், வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மாத்தான் கிடக்குது. லோன் வாங்கி ரெண்டு ரூம் போட்டு கம்பெனிக்குப் போற பசங்களுக்கு விட்டா மாசாமாசம் வாடகை வருமே?” பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நல்ல யோசனைதான். மாடு மாதிரி தீனி கேட்காது. ஆனால் இதிலும் கையைச் சுட்டுக் கொள்ள வழி இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கையில் இருக்கிற பணத்தோடு 2 லட்சம் கடன் வாங்கி, சிமெண்ட் சீட் போட்ட இரண்டு ரூம் கட்டுகிறோம் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், 5 வருடத் தவணை. மாதம் சுமார் 4,450 ரூபாய் கட்ட வேண்டும். ரூமுக்கு 2,500 என்றால் வருவது 5,000. மாதம் 550 ரூபாய் லாபம் என்று தோன்றும். வருடத்தில் இரண்டே மாதம் ரூம்கள் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? வரவு 50,000, தவணை 53,400. 3,400 ரூபாயைக் கூலி வேலைக்குப் போய்த்தான் கட்ட வேண்டும். ஊராட்சிக்கு வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், சுண்ணாம்பு அடிப்பது இதில் சேரவில்லை.

ரூம் ஏன் காலியாகிறது? பெரும்பாலும் நம் கையில் இல்லாத காரணத்தால்தான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி 2006-ல் செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது, சுற்றிலும் ரூம்கள் முளைத்தன. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக் கொண்டு ஊருக்குப் போனார்கள். 2019-ல்தான் அந்தத் தொழிற்சாலையை வாங்க சால்காம்ப் என்கிற கம்பெனி முன்வந்தது. நடுவில் 5 வருடம். நாம் சொன்ன கடன் தவணையும் 5 வருடம்தான்!

கம்பெனி நன்றாக ஓடினாலும் ரூமுக்கு ஆள் குறையலாம். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெண்களுக்குப் பாதுகாப்பான இடம் கிடைத்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்களை நம்பி ரூம் கட்டியவர்கள் யோசிக்க வேண்டும்.

கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம், தண்ணீர் வசதி, தனி கக்கூஸ், இது மூன்றும் உள்ள ரூம் சீக்கிரம் காலியாகாது. டைல்ஸுக்குச் செலவழிப்பதைக் கக்கூசுக்குச் செலவழியுங்கள். கரண்ட் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், குடியிருப்பவர் நடுவில் காலி செய்தால் பில் நம் தலையில் விழும். முன்பணத்தை உடனே செலவு செய்யாமல் வைத்திருப்பது இதற்குத்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், இடம் யார் பெயரில் இருக்கிறது என்பது. கடன் நம் பெயரில், பட்டா மாமனார் பெயரில் என்றால், அவர் காலத்துக்குப் பிறகு மாமியார், கொழுந்தனார், நாத்தனார் எல்லோருக்கும் பங்கு உண்டு. ரூம் நாங்கள்தான் கட்டினோம் என்று வாயால் சொன்னால் போதாது. புதிதாக இடம் வாங்குகிறவர்கள் உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கேள்வி கேட்ட சகோதரி வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய் வந்தார். பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறதாம். “வீட்டுல எல்லாரையும் உட்கார வச்சுப் பேசிடறேன் மேடம். பேர் மாறினப்புறம் முதல்ல ஒரு ரூம் மட்டும் போடறேன்” என்றார். அவருடைய கடன் மனுவைக் குழு அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறது.